குதிரையைக் கூப்பிடும் சத்தம்

பெப். 3, செவ்வாய்

குளிர் –19. பால் வாங்கப் போய் மானம் போனது. டெப்பனர், அதுதான் மூலைக்கடை, வாசலில் கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது, கை போய்விட்டது. முன்னால் நாய், பின்னால் சொந்தக்காரி, அவளுக்குப் பின்னால் ஐம்பத்திரண்டு வயதில் பால் பையோடு நான். பிடித்துக் கொடுத்துப் பத்துத் தரம் "பார்தோன், மதாம்". எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அதோடு தீர்ந்தது.

மனைவி: "போன வருசமும் ஒண்டை அவிட்டனீங்கள். உங்களையெல்லோ கட்டி வைக்கவேணும்."

பெப். 5, வியாழன்

பனி. பஸ் பிந்தியது. மகள் துளசி போன் எடுத்தாள். மொன்டானாவில், பழங்குடி மக்கள் நடத்தும் சின்னக் கல்லூரியில் குதிரை விஞ்ஞானம் படிக்கிறாள். வகுப்பில் ஒன்பது பேர். டொக்டர் ஆவாள் என்று நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது யாராவது கேட்டால் "சயன்ஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவளுக்குக் கொடுத்த பெட்டைக் குதிரை ஆளை அண்டவிடாதாம். திங்கள் சோதனை. கயிறு எறியக் கூடாது, அதுவாக வரவேண்டும்.

"அப்பா, நெடுந்தீவிலை நீங்கள் குதிரை வளர்த்தனீங்களாம், அம்மா சொன்னவ. எப்பிடிக் கூப்பிடுறனீங்கள்?"

குளியலறையைப் பூட்டிக்கொண்டு பதிவு செய்தேன். அண்ணத்தில் நாக்கால் இரண்டு தட்டு, பிறகு தாழ்த்தி ஒரு "ஹோ". முப்பத்தைந்து வருடம் செய்யாத சத்தம். வாய் மறக்கவில்லை.

கதவுக்கு வெளியே மனைவி: "வயித்துக்கை ஏதும் செய்யுதோ?"

பெப். 6, வெள்ளி

துறைமுகப் பண்டகசாலையில் வேலை. காலையிலிருந்து ஒரு சத்தம். முன்னங்கால் இரண்டும் கட்டிய குதிரை தத்தித் தத்தி நடப்பது போல. தொப். தொப். போய்ப் பார்த்தால் வாசலில் தொங்கும் படங்குச் சீலை காற்றில் அடிக்கிறது. படங்கை இறுக்கிக் கட்டினேன்.

சத்தம் நிற்கவில்லை.

பெப். 9, திங்கள்

குதிரை வந்ததாம்! வேலியோரத்திலிருந்து நேரே வந்து துளசியின் தோளில் மூக்கை வைத்ததாம். வீடியோவில் சிரிப்பும் அழுகையும்.

"ஆனா இன்னும் பாஸ் இல்லை அப்பா. வீட்டிலையிருந்து கொண்டுவந்த சத்தமெண்டால், அது ஆரின்ரை குதிரைக்குப் பழக்கினது, அதுக்கு என்ன நடந்தது எண்டு நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொல்லவேணும். இல்லாட்டி களவெடுத்த மாதிரியாம். ரீச்சர் அதிலை சரியான கண்டிப்பு."

"என்ரை குதிரைதான். பேர் சுட்டி. நெத்தியிலை வெள்ளை."

"பேந்து?"

அவளுக்குப் பின்னால் அந்தக் குதிரை நின்றது. என்னையே பார்த்தது. போனில் தெரிகிற மனிசனைக் குதிரைக்கு விளங்காது, எனக்குத் தெரியும். என்றாலும் போனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தேன்.

"நல்லா வயசு போய்த்தான் செத்தது, பிள்ளை."

"நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்களோ?"

"ஓம்."

எழுதிக்கொண்டாள். பேனாச் சத்தம் கேட்டது.

பெப். 10, செவ்வாய்

–11. மதியச் சாப்பாடு: புட்டு, நேற்றைய கறி. தொடவில்லை. துளசிக்குப் போன் எடுத்தேன்.

"கெதியாச் சொல்லுங்கோ அப்பா, அடுத்தது நான்தான்."

"ஒண்டுமில்லை. வெளியிலை போகேக்கை தொப்பியைப் போடு."

"இதுக்கே எடுத்தனீங்கள்?" வைத்துவிட்டாள்.

அன்றைக்கும் அந்தச் சத்தத்தில்தான் கூப்பிட்டேன். சுட்டி வந்தது. எட்டப் போகாமல் இருக்க முன்னங்கால்களைச் சேர்த்துக் கட்டினேன், பின்னேரம் அவிழ்க்கலாமென்று. மத்தியானமே சண்டைக்குப் பயந்து தீவு முழுக்கப் படகேறியது, நானும்தான். தண்ணீர்த் தொட்டி அரை மைல் தள்ளி.

நான் அவிழ்க்கவில்லை, பிள்ளை.