பத்துச் சாக்கு நெல்லும் நான்கு இடமும்

17.9.84 திங்கள்

வெயில். காற்று செத்துப் போச்சு. கொம்பியூட்டர் பரீட்சை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

எழுதியவர்கள் பத்தொன்பது பேர். ஆறு மாதமாகப் படித்ததெல்லாம் கரும்பலகையிலும் கொப்பியிலும்தான். மெசின் ஆய்வுகூடத்துக்குள், துணி போட்டு மூடி, கதவுக்குப் பூட்டு. ஒரு நாள் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். ஒரு சின்ன டீவி, முன்னால் தட்டச்சுப் பலகை. அவ்வளவுதான். அதற்கே நெஞ்சு படபடவென்று அடித்தது.

புள்ளி கூடிய நாலு பேருக்கு மட்டும்தான் அதைத் தொட அனுமதி. சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம், ஆளுக்கு அரை மணி. அந்த நாலில் ஒன்று எனக்கு வேண்டும். யா அல்லாஹ், வேறு ஒன்றும் கேட்கமாட்டேன். (கேட்பேன். ஆனால் இப்போதைக்கு இது.)

கேள்வி 1, 2 தண்ணி பட்ட பாடு. 3 பரவாயில்லை. 4 என் வீட்டுக் கேள்வி! சூடடிக்கும் களவெட்டியில் பத்துச் சாக்கு நெல். ஒவ்வொன்றிலும் எத்தனை மரைக்கால் என்று தந்திருந்தது. கூட்டிச் சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும், விடையும் எழுத வேண்டும். இருபது புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். 106.

உம்மா புட்டு அவித்துக்கொண்டே கேட்டா: "அந்த மெசின் சோறாக்குமா புள்ள?"

"இல்லம்மா."

"மறுகா என்னத்துக்கு?"

18.9.84 செவ்வாய்

இடைவேளையில் பூவரச மரத்தடி. விடை ஒப்பிடல். ஒப்பிடாமல் இருக்க வேண்டும் என்று நேற்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு மணி அடிக்கும் வரைக்கும்தான்.

நாலாம் கேள்விக்கு:
நான் – 106
சிவராணி (பாண்டிருப்பு, வகுப்பில் முதல் பிள்ளை) – 106
பரீதா (என் உயிர்ச் சிநேகிதி, வாப்பாவுக்கு மீன் வியாபாரம்) – 118
றியாஸ் (பசாரில் துணிக்கடைக்காரர் மகன், வாய் நீளம்) – 118
அன்சார் – கேட்டால் சிரிக்கிறான். வாய்க்குள் என்னத்தை வைத்திருக்கிறானோ.

றியாஸ்: "ரெண்டு பேரும் பத்துக்குப் பதிலா ஒம்பது சாக்கக் கூட்டியிரிக்கீங்க. போங்க, போய்ச் சோறாக்குங்க."

எனக்குக் கோபம் ஏறியது. "உனக்குச் சீலைதான் முழம் போடத் தெரியும், நெல் அளக்கத் தெரியுமா?" என்றேன்.

மெசினைக் கேட்கலாம் என்றால் பூட்டு. சாவி கொம்பியூட்டர் படிப்பிக்கும் றஸீன் சேரிடம், சேர் மட்டக்களப்புக்குப் போய்விட்டார். அப்போது பரீதாதான் சொன்னாள்: "நாமளே மெசினா நிப்பம்கா."

நின்றோம். றியாஸ் சாக்குக் கணக்கை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சிவராணி விரலில் எத்தனையாவது சுற்று என்று எண்ண வேண்டும். பரீதா மொத்தப் பெட்டி: மண்ணில் ஈர்க்கால் எழுதி, அழித்து, புதுக் கணக்கு எழுத வேண்டும். நான் புரோகிராமை வரி வரியாக வாசிக்க வேண்டும். ஒருவரும் சொந்தப் புத்தியைப் பாவிக்கக் கூடாது, சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். றியாஸுக்கு அது சுலபம் என்றேன். அடிக்க வந்தான்.

முதலில் பரீதாவின் புரோகிராம். "பன்னண்டு." 12. "பதினொண்டு." 23. "பன்னண்டு." 35. பிறகு 48, 60, 70, 82, 93, 105. கடைசிச் சாக்கு பதின்மூன்று. 118.

பிறகு என்னுடையது. முதல் பன்னிரண்டை வாசித்ததும் என் புரோகிராம் அதைத் தனியாக இன்னொரு பெட்டியில் போட்டது. பரீதா ஈர்க்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். "இத எங்க எழுதிற?" நான் கொப்பியைப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். 'ப' என்று ஒரு பெட்டி. ப என்றால் பள்ளி.

எங்கள் களவெட்டியில் முதல் சாக்கு பள்ளிவாசலுக்கு. வாப்பா அதை ஓரமாக இழுத்து வைத்துவிட்டுத்தான் "ஒண்டு" என்று எண்ணத் தொடங்குவார். பிறந்த நாளிலிருந்து கண்டது அது. யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதிவிட்டது. சிவராணியைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப் போய்: "எங்கட வீட்டில முதல் சாக்கு கோயிலுக்கு. நானும் அதத்தான் தள்ளிப்போட்டன்."

கேள்வியைத் திரும்ப வாசித்தோம். 'பத்துச் சாக்கிலும் உள்ள மொத்த நெல்.' பத்திலும். அச்சடித்த மாதிரித் தெளிவு.

சாப்பாடு இறங்கவில்லை.

19.9.84 புதன்

வெக்கை. கறண்ட் இரண்டு தரம் போனது. இரசாயனவியல் ஒப்படை பாதி. சப்பாத்து வார் அறுந்தது.

நாலாம் கேள்வியில் பாதிப் புள்ளி போனால் அறுபது வரும். அறுபதுக்கு இடம் கிடைக்காது. மீண்டும் மீண்டும் கூட்டிப் பார்க்கிறேன், அறுபதுதான்.

பரீதா சொல்கிறாள், சேர் இரக்கப்பட்டுப் போடுவார் என்று. இரக்கத்தில் வரும் புள்ளி எனக்கு வேண்டாம். (வந்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன்.)

21.9.84 வெள்ளி

ஜும்ஆவுக்காகப் பள்ளிக்கூடம் வேளைக்கு விட்டது. அதற்கு முன் அறிவித்தல் பலகையில் பெயர்:

சிவராணி 86
றியாஸ் 74
அன்சார் 71
நான் 70!!
பரீதா 63
ஆறாவது ஆள் 41. மற்றவர்களை வாசிக்கவில்லை. கீழே ஒரு வரி: மெசின் 29ஆம் திகதி சனி தொடக்கம்.

நாலாவது! நான்! சத்தம் போட்டுவிட்டேன். ரீச்சர் முறைத்தா. பரீதா என்னைக் கட்டிப் பிடித்து, "நான் சொன்ன தானே?" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, என் சந்தோஷத்துக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

காலையில் தந்த விடைத்தாளை வீட்டுக்கு வந்துதான் விரித்துப் பார்த்தேன். நாலாம் கேள்வி: 106. சிவப்புப் பேனையால் சரி. இருபதுக்கு இருபது.

அப்படியென்றால் 118 எழுதியவர்களுக்கு?

சைக்கிளை எடுத்துக்கொண்டு பரீதா வீட்டுக்கு ஓடினேன். அவள் தாளைக் காட்டமாட்டேன் என்றாள். பிடுங்கிப் பார்த்தேன். 118, குறுக்கே சிவப்புக் கோடு. எட்டுப் புள்ளி.

"சேரிட்டக் கேளன்டி!"

"கேட்டா?"

"உனக்குப் பன்னண்டு கூடும்!"

"எனக்குக் கூடினா உனக்குக் குறையும். சும்மா இரி. சேர் எழுதினா எழுதினதுதான்."

காலையிலேயே தன் தாளைப் பார்த்துவிட்டாள், அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். கள்ளி.

22.9.84 சனி

சொல்லாமல் இருக்கக் காரணங்கள்:
1. நான் களவெடுக்கவில்லை. சேர் தந்தார்.
2. றியாஸுக்கும் தெரியும். அவனே பேசாமல் இருக்கிறான். ("என்ட இடம் இரிக்கி, எனக்கென்ன?")
3. சிவராணியும் பேசவில்லை. ("நான் கதைச்சா நீ கோவிப்பாய்.")
4. பரீதாவே வேண்டாம் என்கிறாள்.
5. எனக்கு அந்த மெசின் வேண்டும்.

சொல்லக் காரணம்:
1. பரீதா.

ஐந்துக்கு ஒன்று. ஆனாலும் ஐந்தில் நாலு சும்மா இட்டுக்கட்டியது, எனக்கே தெரியும்.

உம்மா அடுத்த வீட்டு மாமியிடம் வேலிக்கு மேலால்: "எங்கட புள்ள நாலு பேரில ஒராள், மாஷா அல்லாஹ். கொம்பியூட்டர்." அந்தச் சொல்லைச் சொல்ல உம்மாவுக்கு மூன்று தரம் தேவைப்பட்டது. சந்தோஷமாகச் சொன்னா. எனக்குக் குழிக்குள் போகலாம் போல இருந்தது.

23.9.84 ஞாயிறு

தலையிடி. கோழி அடைக்கு இருக்கிறது, பதினொரு முட்டை. உடுப்பு தோய்த்தது. தலைக்கு எண்ணெய்.

நாளைக்குச் சொல்வேன்.

சொல்லமாட்டேன்.

சொல்வேன்.

24.9.84 திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஆசிரியர் அறை வாசலில்:

"சேர், நாலாம் கேள்வி பிழையாத் திருத்தியிரிக்கீங்க சேர்."

சேர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "உனக்குப் புள்ளி குறைஞ்சிட்டா?"

"இல்ல சேர். கூடிட்டு."

அவருக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் புள்ளி குறைந்தால்தான் வருவார்கள். மரத்தடியில் நாங்கள் மெசினாக நின்ற கதையை முழுக்கச் சொன்னேன். சாவியை எடுத்துக்கொண்டு எழும்பினார். "வா, உன்ட புரோகிராம நீயே அடி."

துணியை நீக்கி, சுவிட்சைப் போட்டார். டீவியில் ஒரு சின்னக் கட்டம் கண் சிமிட்டுகிறது. தட்டச்சுப் பலகையில் எழுத்துகள் எல்லாம் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கின்றன, ஏ-க்குப் பக்கத்தில் எஸ்! ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி ஒற்றை விரலால் குத்தினேன். எட்டு வரிக்கு இருபது நிமிடம் போயிருக்கும். கடைசியில் ரன் என்று அடித்தேன்.

106.

என் பிழையைத்தான் செய்து காட்டியது. ஒரு துளி பிசகாமல், நான் சொன்னபடியே. வெட்கப்பட வேண்டிய இடம், ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சொன்னதை ஒரு சொல் எதிர்க் கதை இல்லாமல் கேட்ட முதல் ஆள் அதுதான்!

பிறகு பரீதாவுடையதை நான் ஞாபகத்திலிருந்து சொல்ல, சேர் அடித்தார். 118. வினாத்தாளை எடுத்து வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். சேரின் ஊர் சம்மாந்துறை, வயல்காரக் குடும்பம்.

"எங்கட வாப்பாவும் முதல் சாக்கப் பள்ளிக்குத்தான் வெக்கிறவர். கேள்விய நான்தான் எழுதின, விடைய என்ட கை எழுதியிரிக்கி."

ஆனைக்கும் அடி சறுக்கும். சேருக்கே சறுக்கினால் எனக்கு ஏன் சறுக்காது?

வெளியே வரும்போது கேட்டார்: "இடம் போயிரும், தெரியும்தானே?"

"ஓம் சேர்."

சைக்கிளில் வரும் வழி முழுக்க அழுதேன். தூசு விழுந்தது என்று உம்மாவிடம் சொன்னேன்.

25.9.84 செவ்வாய்

புதுப் பட்டியல்:

றியாஸ் 86
அன்சார் 83 (118 எழுதியிருக்கிறான், ஊமைக் கொட்டான்!)
சிவராணி 76
பரீதா 75
நான் 60

பரீதா என்னோடு கதைக்கவில்லை. கோபம். "ஆரு உன்னக் கேட்ட?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இதற்குத்தானா இவ்வளவும்!

இரவுச் சாப்பாட்டில் வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா சோற்றைப் பிசைந்தார். "அப்ப அந்த மெசினுக்குப் பள்ளி ஒண்டு இரிக்கிறது தெரியாதா மகள்?" என்றார். உண்மையாகவே கேட்டார். எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.

27.9.84 வியாழன்

சேரிடம் கேட்டேன், அடுத்த நாலு பேரை எப்போது எடுப்பார் என்று. தை மாதமாம். நான்கு மாதம். பரவாயில்லை, மெசின் ஓடிப் போகாது.

பரீதா இன்னும் முறைப்பு. ஆனால் மதியம் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பொரித்த மீன் துண்டு ஒன்று கிடந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை.

29.9.84 சனி

காலையிலிருந்து மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்க நினைத்து, பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது: இப்போது றியாஸ். ஒன்பதரை: அன்சார். பத்து: சிவராணி. பத்தரை: பரீதா. எனக்கு வெங்காயம் உரிப்பு.

பன்னிரண்டு மணிக்கு வாசல் படலை திறக்கும் சத்தம். பரீதா. வெயிலில் வந்த வேர்வை, ஆனால் முறைப்பில்லாத பழைய முகம். ஸலாம் சொல்லவில்லை, கதிரையில் இருக்கவும் இல்லை.

"ஒராள் அரை மணி. நாலு பேர். ரெண்டு மணித்தியாலம்தானே?"

"ஓம், அதுக்கென்ன?"

"அத அஞ்சாப் பிரிச்சா எவ்வளவு?"

கையில் வெங்காயத்தோடு நின்றேன். "இருபத்திநாலு நிமிஷம்," என்றேன்.

"அதத்தான் நான் சேரிட்டச் சொன்ன. ஆறு நிமிஷம் குறையிற ஒருத்தருக்கும் நோகாது எண்டு. சிவராணி ஒடன ஓம் எண்டுட்டா, எனக்கும் அதே பிழதான் எண்டு சொல்லி. அன்சார் வாய் தொறந்து 'ஓம்' எண்டான்டி, நம்பு!"

"றியாஸ்?"

"கத்தினான். என்ட ஆறு நிமிஷத்த ஏன் குடுக்கணும் எண்டு. மறுகா அவன்ட புரோகிராமில ஒரு பிழ, ஆராலயும் கண்டுபிடிக்க ஏலா. நீ இரிந்தா கண்டுபிடிப்பாய் எண்டன். வாய மூடிட்டான்."

"சேர் என்ன சொன்ன?"

"வாற சனி வரட்டாம். அங்க நாலு கதிரைதான் இரிக்கி, உன்னயே ஒண்டு கொண்டு வரச் சொன்ன."

வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு அழுதேன். அவளும்தான், அவள் கையில் வெங்காயம் இல்லை.

செய்ய வேண்டியவை:
– றியாஸின் புரோகிராமை வாங்கிப் பார்ப்பது
– என் புரோகிராம் வெள்ளிக்குள் கொப்பியில் எழுதி முடிப்பது. அங்கே போய் யோசிக்க நேரமில்லை, இருபத்துநாலு நிமிடம்தான்
– கதிரையைச் சைக்கிளில் எப்படிக் கட்டுவது என்று வாப்பாவிடம் கேட்பது