இருபத்திரண்டு தாள், நாற்பத்து நான்கு பக்கம்

மார்ச் 4, சனி

அண்ணன் போய் இன்னும் நூறு நாள்கூட ஆகவில்லை. இன்று அவன் பாடம் நடத்திய கணிதத் துறையில் நினைவுக் கூட்டம். முடிவில் மேசை நிறையக் கண்ணாடிச் சட்டங்கள். வந்த பெரிய மனிதர்களுக்கு ஆளுக்கொன்றாகத் துறைத் தலைவர் கொடுத்தார். முன்வரிசைப் பல் டாக்டர் வாங்கி வந்து மடியில் வைத்ததை எட்டிப் பார்த்தேன். அண்ணன் கையெழுத்து. நகல் அல்ல. ஓரத்தில் பிளேடு போட்டு அறுத்த தடம்.

பதினோரு வருடமாக ஒரே கணக்கை எழுதிவந்த நோட்டு அது. இருபத்திரண்டு தாள், இருபத்திரண்டு பேர். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள் நான். ஒரு பக்கம் இடம் மாறினாலே எனக்குத் தூக்கம் பிடிக்காது.

மார்ச் 6

துறைத் தலைவரைப் போய்ப் பார்த்தேன்.

"பெட்டியில கிடந்து செல்லரிக்கிறதுக்கு, நாலு பேர் வீட்டுச் சுவர்ல இருந்தா அவருக்குப் பெருமைதானேம்மா?"

"வரிசையாப் படிச்சாத்தானே சார் அது கணக்கு?"

"முடிக்காத கணக்கும்மா அது."

சிரித்தார். உங்கள் புத்தகத்தில் நடுத்தாளைக் கிழித்து எங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கலாம். வாசல் தாண்டிய பிறகுதான் தோன்றியது. எப்போதும் இப்படித்தான்.

யார் யாருக்குக் கொடுத்தார் என்ற பட்டியலையும் தரமாட்டாராம். அலுவலக எழுத்தர் அம்மா படியில் கூடவே இறங்கி வந்து அதை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மார்ச் 7

நோட்டை எடுத்துக் கொடுத்தது அண்ணி.

மார்ச் 8

நேற்று அதற்கு மேல் எழுத ஓடவில்லை. ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். துணி மடிப்பதை நிறுத்தாமல் சொன்னார்:

"கேட்டாங்க, குடுத்தேன். முப்பது வருஷத்துல ஒரு பக்கத்தையாவது காட்டி, இது இன்னதுன்னு சொன்னாரா உங்கண்ணன்? நான் கிட்ட வந்தா நோட்ட மூடிடுவார். உனக்குப் புரியாதும்பார். எனக்கு அது வெறும் காகிதம்."

ஆத்திரம் அடங்கவில்லை. அண்ணி மேலா? அவன் மேலா?

மார்ச் 19, ஞாயிறு

ஒன்பது வீடு ஏறி இறங்கியாயிற்று. பல் டாக்டர் தலைகீழாக மாட்டியிருக்கிறார், நோயாளிகள் காத்திருக்கும் அறையில். சொன்னதும் கழற்றிக் கொடுத்துவிட்டார், பாவம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "மேடையில வச்சு எனக்குக் குடுத்தது. வேணும்னா போட்டோ எடுத்துக்கங்க" என்றார். போட்டோவில் முன்பக்கம் வரும். பின்பக்கம்? அங்கேயும் எழுதியிருக்கிறானே. அதை அட்டையில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பசை போட்டு!

ஏப்ரல் 2

சட்டம் போட்டுக் கொடுத்த கடைக்காரர் விஷயம் கேள்விப்பட்டுத் தாமே வந்தார். "பின்னாடியும் எழுத்து இருக்குன்னு சொன்னேம்மா. ஒட்டுன்னுட்டாங்க." நாள் முழுக்க ஈரத்துணி வைத்து ஒவ்வொன்றாக உரித்தார். பால்பாயின்ட் பேனா என்பதால் எழுத்து கலையவில்லை. பத்தொன்பது தாள் தேறியது. மற்ற மூன்றில் ஒன்று கடல் கடந்துவிட்டது, ஒன்று தொலைந்துவிட்டது, ஒன்று அந்த அதிகாரியின் சுவரில்.

மே 11

ஒரு பேராசிரியை. இருபது வருடமாக அண்ணனோடு கடிதத்திலேயே கணக்குப் பேசியவர், நேரில் பார்த்ததில்லை. நகல் அனுப்பியிருந்தேன், போன வாரம் பதில் வந்தது. பதினேழாம் தாளின் பின்பக்கத்தில், பசைக்குள் இருந்த பக்கத்தில், இந்த வழி எங்கும் போய்ச் சேராது என்று அவனே நிரூபித்திருக்கிறானாம்.

பதினோரு வருடம். வழி அடைபட்டதை யாரிடமும் சொல்லாமல் எப்படி இருந்தான்?

விட்டுப்போன தாள்களில் இரண்டின் சாரம் தன்னிடமுள்ள கடிதங்களில் இருக்கிறது, சேர்த்து அச்சிடலாம் என்கிறார். 'இதே வழியில் போய் இன்னொருவர் தம் காலத்தைத் தொலைக்க வேண்டாம்.'

துறைத் தலைவர் காதுக்கு எட்டியிருக்கிறது. "இதுக்கா இவ்வளவு பாடு?" என்றாராம்.

ஆமாம். இதுக்குத்தான்.

ஜூன் 18, ஞாயிறு

அச்சுப்படி வந்தது. மூலத்தை ஒருவர் உரக்க வாசித்தால்தான் இன்னொருவர் திருத்த முடியும். கேட்க வாயெடுக்கும் முன்பே அண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். மார்ச்சுக்குப் பிறகு நாங்கள் முகம் பார்த்துப் பேசியதில்லை.

"இந்த வளைஞ்ச எழுத்த என்னன்னு சொல்ல?"

"பாம்புன்னு சொல்லுங்க அண்ணி. எனக்கும் தெரியாது."

"பாம்பு. கீழ சைபர். மேல ஒண்ணு."

மதியத்துக்குள் நான்கு தாள் ஆயிற்று. கண் வலிக்கிறது, சாப்பிட்டுவிட்டுத் தொடரலாம் என்று எழுந்தேன்.

"இரு. இந்தப் பக்கம் முடியட்டும்," என்றார் அண்ணி.