இல்லாத டெர்மின்

ஸ்டுட்கார்ட், செவ்வாய்க்கிழமை

மிரியத்துக்குக் கிடைத்ததை நினைத்து என்னால் ஏன் சந்தோஷப்பட முடியவில்லை?

பத்து வருடமாக ஒரே கழகத்தில் அவளோடு மேசைப்பந்து விளையாடுகிறேன். பெரும்பாலும் நான்தான் வெல்வேன். இன்று உடைமாற்றும் அறையில் சொன்னாள்: உலகெங்கும் இருந்து யூத வீரர்கள் கூடும் விளையாட்டு விழாவுக்கு, மூத்தோர் பிரிவில், ஜெர்மனி அணிக்கு அவளைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். நாளைக்கும் பயிற்சிக்கு வரமுடியுமா என்று கேட்டாள். மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்திருக்கிறது, டெர்மின் இருக்கிறது என்றேன். அப்படி எதுவும் இல்லை.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன்.

"நீரும் எங்கட தமிழ்ச் சங்க விளையாட்டுப் போட்டிக்குப் பேர் குடுமன்."

"அங்க நாப்பது தாண்டின பொம்பிளையளுக்குப் பாட்டு நிக்க ஓடி இடம் பிடிக்கிற சங்கீதக் கதிரை மட்டும்தான்."

"போன வருஷம் அதிலயும் முதல் ஆளா வெளியில வந்தனீர்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய குடும்பம் இந்த நாட்டில் பட்டது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் போடப்போகும் அந்த அணிச் சட்டைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

புதன்கிழமை

வீட்டில் இருக்க முடியாமல் பயிற்சிக்குப் போனேன். டெர்மின் சீக்கிரம் முடிந்துவிட்டது என்றேன். அவளை வென்றே தீருவதென்று விளையாடினேன். மூன்று செட்டிலும் தோற்றேன்.

மிரியம் தன் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினாள். "மருத்துவரிடம் போய்வந்த களைப்பாக இருக்கும்" என்றாள்.

ஆம் என்று தலையாட்டினேன்.