சின்னதுரையின் விமானத்துக்குப் புகைக்குழாய்

1961 ஜனவரி 17
எங்கள் தேயிலைத் தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதுரை தன் கையால் கட்டும் விமானம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. இன்ஜின் பழைய காரினுடையது. புகைக்குழாய் முழுக்கத் தோட்டத்துப் பட்டறைக்காரனான என் வேலை. குளிருக்காகக் குழாயைச் சுற்றித் தகர உறை போட்டேன். அதற்குள் சூடாகும் காற்று ஓட்டுபவரின் காலடிக்குப் போகும். "பத்திநாதன், நீ கெட்டிக்காரன்" என்றார் துரை.

ஜனவரி 24
உறையைக் கழற்றிப் பார்த்தேன். குழாயின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு. அதில் கசியும் புகை உறை வழியாக ஓட்டுபவரிடம்தான் போகும். சொன்னால் பறக்கும் நாள் தள்ளிப்போகும், என் பெயரும் கெடும். அடுப்புக் களிமண் பூசி மூடினேன். தாங்கும்.
தாங்குமா?

ஜனவரி 26
கடவுளே.
இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்க, ஃபேக்டரி அடுப்பில் வேலை செய்யும் வீரய்யாவை விமானக் கூண்டுக்குள் உட்காரவைத்தேன். நான் வெளியே நின்றேன். "அண்ணே, தலை சுத்துதுண்ணே" என்றான். "குளிருதான்டா, சும்மா உக்காரு" என்றேன். நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சாய்ந்தான். கை பெட்ரோல் லீவரில் விழ, விமானம் சக்கரத்துக்கு வைத்த கட்டையைத் தாண்டிப் பாய்ந்து பட்டறைச் சுவரில் மோதிச் சிறகு நொறுங்கியது. அவனை வெளியே இழுத்துப் போட்டேன். வாந்தி எடுத்தான், நாக்குக் குழறியது.
ஓடிவந்த துரை, "குடிச்சிருக்கான்!" என்றார்.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 28
வீரய்யா பிழைத்துக்கொண்டான். ஆனால் குடிகாரன் என்று வேலையிலிருந்து பெயரை வெட்டிவிட்டார்கள். தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் காம்பராவையும் காலிபண்ண வேண்டுமாம். அவன் மனைவி பேச்சியம்மா வந்தாள். "மாரியம்மா சத்தியமா அவரு குடிக்கலைங்க. துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பாரு."
"பாக்குறேன்" என்றேன்.

ஜனவரி 29, ஞாயிறு
மாதா கோயில் பூசைக்குப் போனேன். சாமியார் கொடுத்த நன்மை அப்பத்தை வாங்கவில்லை. ஏன் என்று என் மனைவி மரியநாயகி கேட்கவில்லை.

பெப்ரவரி 20
நொறுங்கிய சிறகைச் சரிபண்ணியாயிற்று. குழாயை ஒரே துண்டாகப் பற்றவைத்ததுதான் பிழை. சூட்டில் இரும்பு நீளும், இன்ஜினும் உதறும். அசைய இடமில்லாவிட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? இப்போது இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று சொருகியபடி. தகர உறையையும் எடுத்து எறிந்தேன். ஏன் என்றார் துரை. "பாரம் குறையுங்க" என்றேன். அதுவும் பொய்.

மார்ச் 5, ஞாயிறு
அக்கரப்பத்தனைக்கு பஸ்ஸில் போனேன். வீரய்யா மச்சான் வீட்டில் ஒண்டியிருக்கிறான். அந்தத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதியவில்லை, கூலிக்கு விறகு பிளக்கிறான். தேத்தண்ணி கொடுத்தான். நான் வாயெடுக்குமுன்னே, "குழாயிலதானேண்ணே வெடிப்பு? அடுப்புக்காரனுக்குப் புகை வாடை தெரியாதா? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றான்.
கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்—
"இப்ப சரி பண்ணிட்டீங்களா?"
"பண்ணிட்டேன்."
"அது போதும். வேற ஆளு மாட்டிக்கக் கூடாது."
நாளைக்கே துரையிடம் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6
சொல்லவில்லை.

மார்ச் 19
நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலில் விமானம் எழும்பியது. ஏரிப் பக்கம் ஒரு சுற்றுப் போய் இறங்கியது. ஜனம் கைதட்டியது. ஓடிப்போய்க் குழாயைத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. விரல் சுட்டது.
துரை என் தோளைத் தட்டினார். "அடுத்த தடவை ரெண்டு பேர் பாரத்தோட போகணும். ஒரு ஆள் பாரு, பத்திநாதன். குடிக்காத ஆள்."
"சரிங்க துரை" என்றேன்.