எண்ணெய் படாத துணி

அம்மா,

இன்றைக்குக் காலையில் உன் துணியில் எண்ணெய் பட்டுவிட்டது. பட்டறையில் ஒரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் குளிருகிறது என்று ஸ்வெட்டர் கேட்டு வந்து நின்றாள். கையைச் சரியாகத் துடைக்காமல் போய், ஸ்வெட்டர் வைத்திருந்த உன் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்த வெள்ளைத் துணி, ஓரத்தில் நீ சிவப்பு நூலில் போட்ட சிலுவை. எடுத்து ஓரம் வைத்ததில் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது.

கைக்குழந்தையாக இருந்த எனக்குக் காய்ச்சல் கண்டபோது, "பொழச்சா உனுக்கே குட்த்துடறேன்" என்று, என்னைச் சாமியாராக்குவதாக மாதாவிடம் வேண்டிக்கொண்டவள் நீ. என்னை யார் கேட்டது? மலையில் எங்கள் ஊரில் சில வீடுகள்தான் வேதக்காரர்கள். அத்தனை வீட்டிலும், சாமை அறுக்கப் போன இடத்திலும் என்னைச் சின்னச் சாமியாராக்கி வைத்திருந்தாய். கோலி ஆடினால்கூட, "சாமியாராவப் போறவன் ஆட்ற ஆட்டமா இது?" என்பாய்.

சந்தவாசலில் ஒரு சாமியாருடைய அம்மாவின் சாவுக்குப் போய் வந்தாய். மகனுக்குக் குருப்பட்டம் கொடுத்த அன்று, ஆயர் எண்ணெய் பூசிய அவர் கைகளைக் கட்டிய துணியை அந்த அம்மாவின் கையில் சுற்றிச் சவப்பெட்டியில் வைத்தார்களாம். "அத்த காட்டுனா போதும், மேல மோட்சத்துல ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க" என்றாய். உடனே ஒடுகத்தூருக்கு இறங்கிப் போய், என் பட்டத்துக்கென்று இந்தத் துணியை எடுத்து வந்தாய். நான் அப்போது பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை.

பிறகு சாமியாருக்குப் படிக்கச் சேர்ந்த குருமடத்தில், ஒரு தியானத்தின்போது அதிபர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். "உன்ன யாருப்பா கூப்பிட்டது?" நற்கருணைக்கு முன்னால் முழங்காலில் இருந்து எத்தனையோ நாள் காது கொடுத்துப் பார்த்திருந்தேன். கேட்டதெல்லாம் உன் குரல்தான். "எங்கம்மா, ஃபாதர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வூட்டுக்குப் போய்ட்டு வா. கடவுளும் கூப்பிட்டா திரும்பி வா" என்றார்.

பையோடு வந்தபோது நீ முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாய்.

"லீவு வுட்டாங்களா?"

"இல்லம்மா. வந்துட்டேன். கடவுள் என்னைக் கூப்பிடலம்மா."

"நான் கூப்ட்டது பத்தலியா?"

முறத்தை நிறுத்தாமலே கேட்டாய். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசியது சோறு, மாடு, மழை, அவ்வளவுதான். என் கல்யாணத்தில் யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவள் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தாய். காவலூர் ரோட்டில் பட்டறை வைத்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படுக்கையில் விழுந்த பிறகும் மருமகள் ஊட்டினால் கஞ்சி குடிப்பாய், நான் ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டாய். மனசு கேளாமல் ஒரு நாள் அந்தத் துணியை எடுத்து உன் கையில் வைத்தேன். தள்ளிவிட்டாய். "எண்ணெ படாத துணிடா. இன்னாத்துக்கு ஆவும்?" என்றாய். வெறும் ஜெபமாலையோடுதான் போனாய்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அம்மா. நீ பேசாமல் இருந்ததைக்கூட மன்னித்துவிடுவேன். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது என் கண் என் கையைத்தான் பார்க்கிறது. ஒருவேளை கடவுள் கூப்பிட்டும் இருக்கலாம். நீ போட்ட சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம். இனிமேல் அது எனக்குத் தெரியப்போவதில்லை. என் மகளிடம் யாராவது, பெரியவளாகி என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால், நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

துணியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கறை போகவில்லை. காயவைத்து, மடித்து, மறுபடி உன் பெட்டியிலேயே வைத்தேன். என் கையிலிருந்து பட்ட எண்ணெய்தான் அது. வாங்கிக்கொள்ளத்தான் நீ இல்லை.