உச்சிக்கிளையில் விட்ட நாற்பது பழங்கள்

நவம்பர் 30, ஞாயிறு காலை

அன்பு மகள் நகிசாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே முதல் பனி விழுந்து இரண்டே நாளில் உருகியும் விட்டது. நானும் அப்பாவும் நலம், கரடிகளும் நலம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைப் பற்றித்தான் நீயும் நானும் சண்டை போட்டோம், போட்டு இன்றோடு பதின்மூன்று நாள் ஆகிறது. தொலைபேசியில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், பிறகு யாராவது ஒருத்தி வைத்துவிடுகிறோம், போன தடவை வைத்தது நீ. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் போடு, ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி. தேர்வை நன்றாக எழுதியிருப்பாய் என்று நம்புகிறேன். ஃபுகுவோகாவில் இன்னும் குளிர் இறங்கவில்லையாம், அதற்காகக் கம்பளிச் சட்டை இல்லாமல் சைக்கிளில் சுற்றாதே, உனக்குத் தொண்டை கட்டினால் பத்து நாள் போகாது.

ஆகஸ்டில் மூன்று நாள் வந்து போனவளுக்கு இப்போதைய ஊர் தெரியாது. சூப்பர் மார்க்கெட்டில் தானாகத் திறக்கும் கதவை நிறுத்திவிட்டார்கள், கையால் தள்ளித்தான் உள்ளே போகவேண்டும், வருவது மனிதனா கரடியா என்று அந்தக் கதவுக்குப் பார்க்கத் தெரியாதே. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பையில் எல்லாம் மணி கட்டியாகிவிட்டது. காலையில் ஒலிபெருக்கி எந்தத் தெருவில் கரடி தென்பட்டது என்று சொன்ன பிறகுதான் வானிலையே சொல்கிறது. மலையில் இந்த வருஷம் கொட்டைகள் எதுவும் காய்க்கவில்லை, அதனால் அவை கீழே வருகின்றன. அப்பாவுக்கு முதுகுத் தண்டு வட்டு நழுவி அக்டோபர் முழுக்கப் படுக்கை, இப்போது நடக்கிறார், கழுத்தில் ரேடியோவை மாட்டிக்கொண்டு பழைய பாட்டை அலறவிட்டபடி. “கரடி ஓடுதோ இல்லியோ, தெருவுல இருக்கற மனுஷங்க ஓடிடுவாங்க” என்றேன். “ஓடட்டும், எனக்கு நடக்க எடம் கெடைக்கும்” என்கிறார். நான் குப்பை போடப் போகும்போது உன் பழைய சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறேன், சிரிக்காதே. ஆனால் பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்த நாள் ஒன்றுகூட இல்லை, இனியும் இருக்காது. நான் உட்கார்ந்தால் அப்பா உட்காருவார், பிறகு பக்கத்து வீடு, பிறகு தெருவே கரடிகளுக்குத்தான்.

அந்தக் கரடியை ஏன் சுட்டார்கள் என்று கேட்டாய். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. செய்தியில் ஊர்ப் பெயர் மட்டும் வந்தது, எந்த வீட்டு மரத்தில் என்று வரவில்லை. நம் வீட்டு மரம், நகிசா. கொல்லைப்புறத்துத் துவர்ப்புப் பனிச்சை மரம். தேர்வு முடியட்டும் என்று அப்பா சொன்னார், நானும் சரி என்று மறைத்தேன், அன்றைக்குத் தொலைபேசியில் சொல்ல வாயெடுத்தபோது நீ வைத்துவிட்டாய். இப்போது முழுதாகச் சொல்கிறேன். பழமெல்லாம் பறித்தாலும் உச்சியில் ஒன்றை மரத்துக்கென்று விட்டுவைப்போம் இல்லையா, அடுத்த வருஷமும் காய்க்கச் சொல்லி. ஒன்றுதான் விடுவோம். இந்த வருஷம் நீ வரவில்லை, அப்பாவால் நிமிர முடியவில்லை, நான் தனியாகக் கம்பை வைத்துக்கொண்டு கீழ்க்கிளைகளை மட்டும் பறித்தேன். கழுத்து வலித்தது. உச்சியில் நாற்பது பழம் இருக்கும், செக்கச் சிவந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இருக்கட்டும், மரத்தின் பங்கு கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று ஏணியை மடக்கி வைத்தேன். ஒன்று விடுவது வழக்கம், நாற்பது விட்டது சோம்பல், நான் என் சோம்பலுக்கு வழக்கத்தின் பெயரை வைத்தேன். இதில் பெரிய கேலி, நகராட்சி அலுவலகத்திலிருந்து செப்டம்பரில் வீடு வீடாகப் போன அறிவிப்பு, ‘மரத்தில் பழம் விடாதீர்கள், கரடி வரும்’ என்று, அதை எழுதியவளே நான்தான். என் மேசையில் உட்கார்ந்து, என் கையால்.

நவம்பர் ஆறாம் தேதி வியாழக்கிழமை, காலை ஆறே முக்கால். பக்கத்து வீட்டுத் தொகாஷி அக்கா குப்பைப் பையோடு நம் கொல்லை வேலி ஓரமாகப் போயிருக்கிறார். கரடி அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்ததாம், இருவரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டிருக்கிறார்கள். ஒரே அறை. நெற்றியிலிருந்து இடது இமை வரை. நான் சமையலறையில் சத்தம் கேட்டு, பாத்திர மூடி இரண்டைத் தட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடினேன். அக்காவை அக்குளில் கை கொடுத்து உள்ளே இழுத்து வந்தேன், அறுபத்தெட்டு வயசுக்கு அவர் இவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. கரடி ஓடியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அது ஓடவில்லை, திரும்ப மரத்தில் ஏறி, உச்சிக்குக் கீழே உட்கார்ந்து, மிச்சப் பழத்தைத் தின்றது. நான்கு மணி நேரம் தின்றது. பட்டாசு வெடித்தார்கள், தண்ணீர் அடித்தார்கள், தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் முந்நூறு அடிதான். மயக்க ஊசி போடக் கூடாதா என்று கேட்டாய், நானும் கேட்டேன். ஊசி பட்டவுடன் கரடி தூங்காதாம், பத்து நிமிஷமோ அதற்கு மேலோ ஆகுமாம், அந்த நேரம் முழுக்க அது கோபத்தோடு தெருவில் ஓடும். எந்தப் பக்கம் ஓடும் என்று உறுதி சொல்ல அங்கே யாரும் இல்லை, உன்னோடு அந்தக் கண்டன மனுவில் கையெழுத்துப் போட்டவர்களிலும் இருக்க மாட்டார்கள்.

சுடுவதற்கு நகராட்சித் தலைவர் அனுமதி கொடுத்தார். ஆனால் குண்டு தவறினால் மண்ணில்தான் போய்ப் புதைய வேண்டும், வீட்டிலோ சாலையிலோ படக்கூடாது, அப்படி ஓர் இடத்திலிருந்துதான் சுடலாம். எங்கிருந்து என்று எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நான்தான் சொன்னேன். மாடியில், உன் அறை ஜன்னல். அங்கிருந்து சாய்வாகப் பார்த்தால் மரத்துக்குப் பின்னால் வாய்க்கால் மேடு, வெறும் மண். வேட்டைச் சங்கத்துக் கொடாமா பெரியவர் வந்தார், எழுபத்து நான்கு வயசு. அத்தனை அவசரத்திலும் வாசலில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் மாடி ஏறினார். உன் மேசை மேல் நான் செய்தித்தாள் விரித்தேன். “பொண்ணு ரூமாம்மா?” என்றார், ஆமாம் என்றேன். “ஊர்ல இல்லியே?” இல்லை என்றேன். “நல்லதாப் போச்சு, நீயும் கீழ போயிடு” என்றார். நான் போகவில்லை, கதவோரம் நின்றேன். ஒரே குண்டு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை, காதில் கொய்யென்று ஒரு சத்தம் மட்டும். ஆண் கரடி, வயசு மூன்றுக்குள் இருக்கும் என்றார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தால் நம் பழம், நம் பழம், வேறு எதுவுமே இல்லை. பெரியவர் கைகூப்பிவிட்டு எழுந்து, “மலை ஒண்ணும் போடல, கடைசிச் சாப்பாடு உங்க வீட்டுலதான்” என்றார். குத்திக் காட்டிச் சொல்லவில்லை, ஆனாலும் குத்தியது.

அடுத்த நாளிலிருந்து அலுவலகத்தில் தொலைபேசி. ஒரு நாளைக்கு இருநூறு அழைப்பு, எல்லாம் எங்கெங்கோ இருந்து. கொலைகாரி, சம்பளத் திருடி, உன்னை அந்த மரத்தில் கட்டிச் சுட வேண்டும், இப்படியெல்லாம். நாங்கள் மூன்று பேர், கையில் ஆளுக்கு ஒரு பதில் தாள், பொறுமையாகப் படிக்க வேண்டும். நானும் படித்தேன், ஆறு நாள் படித்தேன். ஏழாம் நாள் ஒரு பெண், குரல் மென்மையாகத்தான் இருந்தது, “உங்களுக்கும் ஒரு கொழந்தை இருந்தா இப்படிப் பண்ணியிருப்பீங்களா?” என்றாள். “இருக்குங்க, அவ ரூம் ஜன்னல்லேர்ந்துதாங்க சுட்டோம்” என்றேன். எங்கள் பிரிவுத் தலைவர் என்னைவிடப் பத்து வயசு சின்னவர், ஓடி வந்து, “கசுமி அக்கா, போய் ஒரு டீ குடிங்க, தயவுசெஞ்சு” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் டீ குடித்துவிட்டுத் திரும்ப வந்து அடுத்த அழைப்பை எடுத்தேன். பதினேழாம் தேதி, கரடியைச் சுட்டதைக் கண்டித்து ஒரு பெட்டியில் மனு வந்தது, நான்காயிரம் பெயர், பக்கம் சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. அறுபத்தோராம் பக்கத்தில் உன் பெயர். சொந்த ஊர் என்ற இடத்தில் நம் ஊரை எழுதியிருந்தாய், அந்தப் பக்கத்தில் நம் ஊர்க்காரி நீ ஒருத்திதான். அன்று இரவுதான் உனக்குத் தொலைபேசி செய்து கத்தினேன்.

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், சொன்னதற்குக் கேட்கமாட்டேன். நீ இருக்கும் தீவில் கரடி அழிந்துபோய்ப் பல காலம் ஆகிறது, அங்கிருந்து இரக்கப்படுவதில் உனக்கு நெற்றி கிழியப்போவதில்லை. ஆனால் இரக்கம் தப்பு என்று நான் சொல்லவில்லை, எனக்கும் இருக்கிறது, உன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கலாம், ஏனென்றால் அதைக் கொன்றது குண்டு மட்டுமில்லை, நான் மடக்கி வைத்த ஏணியும்தான். இதை இந்தக் கடிதத்துக்கு முன் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். தொகாஷி அக்கா முப்பத்திரண்டு தையலோடு வீடு வந்தார், கண் தப்பியது. வாசலில் மண்டியிட்டுத் தலை தாழ்த்திச் சொன்னேன். “எந்திரி எந்திரி, எனக்குக் கரடி மேல ஒரு கோவமும் இல்ல, அதுக்குப் பசி. உம்மேலதான் கோவம், படிச்சவளே, நாப்பது பழத்த விட்டிருக்கியே” என்றார். நான் எழுந்திருக்கவில்லை. “மூஞ்சி முன்னாடியும் பெரிய அழகு ஒண்ணும் இல்ல, விடு. ஆனா ஒண்ணு, அந்த மரத்த வெட்டினே, உன்கூட சாகற வரைக்கும் பேச மாட்டேன். எனக்குப் புது வருஷத்துக்குக் காய்ஞ்ச பழம் யாரு தருவா, கரடியா?” என்றார்.

மரத்தை வெட்டச் சொல்கிறார்கள், அதுதான் இப்போதைய பிரச்சினை. பழம் பறிக்க ஆளில்லாத மரங்களை எல்லாம் நகராட்சியே வெட்டித் தருகிறது, வரும் சனிக்கிழமை நம் தெரு. எங்கள் பிரிவுத் தலைவர் படிவத்தோடு என் மேசைக்கே வந்தார். “அக்கா, உங்க மரத்துலதான் ஆரம்பிச்சுது, நீங்களே மொதல்ல முத்திரை வெச்சுட்டா மத்தவங்களும் வெச்சுருவாங்க” என்றார். நியாயமான பேச்சுதான். மாட்டேன் என்றேன். மரம் எந்தத் தப்பும் செய்யவில்லை, காய்த்தது, அது அதன் வேலை, பறிப்பது நம் வேலை, தவறியது நாம்தான். நம் சோம்பலுக்கு மரத்தை வெட்டினால், அப்புறம் எதெதை வெட்டுவது? அவர் சிரிக்காமல் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார். மரத்தை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் பத்துக்குள் ஒரு பழம் மிச்சமில்லாமல் பறிப்போம் என்று உறுதி தரவேண்டும், ஏணி ஏற முடிந்த இரண்டு பேரின் பெயரோடு. ஒரு வருஷம் தவறினாலும் அடுத்த நாளே வெட்டிவிடுவார்கள். அப்பா ஏணி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒன்று என் பெயர். இன்னொரு இடத்தில் உன் பெயரை எழுதி, நம் குடும்ப முத்திரையை வைத்துக் கொடுத்துவிட்டேன். நீ என்னைக் கேட்காமல் ஒரு தாளில் பெயர் எழுதினாய், நானும் உன்னைக் கேட்காமல் ஒன்றில் எழுதியிருக்கிறேன். உன் தாளுக்குப் பேனா போதும், இதற்குத் தோள் வேண்டும். மாட்டேன் என்றால் அலுவலகத்துக்கு நீயே எழுது, முகவரி உனக்குத் தெரியும், பிரித்துப் படிப்பவள் நானாகத்தான் இருப்பேன்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று உன் அறை ஜன்னலைத் திறந்து மூடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இதோடு வரும் பொட்டலத்தில் அரிசி, மிளகாய்ப் பொடி, அப்பா வாங்கிய காலுறையோடு ஒரே ஒரு பழம் வைத்திருக்கிறேன், நசுங்கிவிடாமல் எடு. உச்சியில் கரடியும் தொடாத கடைசிப் பழம், நேற்று நானே ஏறிப் பறித்தேன், இந்த மரத்தில் ஒன்றுகூட மிஞ்சாத முதல் வருஷம் இது. அப்படியே கடித்துவிடாதே, துவர்ப்பில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தோலைச் சீவி, காம்போடு இருக்கும் சின்னக் குச்சியில் நூல் கட்டி, கொதிக்கும் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்து, உன் நான்காம் மாடி ஜன்னலில் தொங்கவிடு, அங்கே அதைத் தேடி எந்தக் கரடியும் வராது. அது மரத்தின் பங்கு, இந்த வருஷம் உன்னிடம் இருக்கிறது. அடுத்த நவம்பர் முதல் ஞாயிறு பறிக்க வரவேண்டும், மறக்காதே, ஏணியை மடக்கவில்லை.

உன் அம்மா,
கசுமி