மூன்று மாதச் செருப்பு

பின்வாசல் படியில் ஒற்றை ரப்பர் செருப்பு கிடக்கிறது. இடது கால், வார் பிய்ந்தது. வெயில் ஏறினால் இன்னும் புதுச் சரக்கின் வாசம் அடிக்கிறது. "இத வீசினா என்ன?" என்று என் மனைவி மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டாள். உன் கடைச் சரக்கு மச்சான், எப்படி வீசுவது?

முன்பு இப்படிப்பட்ட சாமான் உன் கடையில் கிடையாது. பழைய லொறி டயரில் அடி, மாட்டுத் தோலில் வார். நீயே வெட்டி, நீயே தைத்து, கல்முனைக் கடைத்தெருவில் விற்றாய். "அறுந்தா கொண்டு வாங்க, சும்மா தைச்சுத் தாறன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வாய். ஐந்து வருடத்தில் ஒருவரும் கொண்டு வரவில்லை. புதிதாக வாங்கவும் வரவில்லை. வாங்க முடிந்தவர்கள் எல்லோரும் வாங்கி முடித்திருந்தார்கள்.

உன் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. நம் ஊரில் பெண்ணுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் ஏது? உன் வளவில் அந்த வீட்டின் சுவர் இடுப்பளவோடு நின்றது. இரண்டு மாரி அதன் மேல் பெய்தது. மாப்பிள்ளையின் உம்மா வந்து பார்த்துவிட்டு, "ஆட்டுப்பட்டியா கட்டுறீங்க, காக்கா?" என்று கேட்டுப் போனார்.

இறக்குமதியைத் திறந்துவிட்ட புதிது. கொழும்பிலிருந்து ரப்பர் செருப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. உன் ஒரு சோடியின் விலையில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாங்கலாம். அதை எடுத்து விற்கச் சொன்னவன் நான்.

"மூணு மாசத்துல அறுந்திரும் மச்சான்" என்றாய்.

"அறுந்தாத்தானே திரும்பி வருவாங்க."

"வந்து ஏசுவாங்க."

"ஓம், ஏசிட்டு இன்னொரு சோடி வாங்குவாங்க."

ஒரு வாரம் டயரையே வெட்டிக்கொண்டிருந்தாய். பிறகு மூட்டையை அவிழ்த்தாய். வந்தார்கள், ஏசினார்கள், வாங்கினார்கள். ஒருநாள் வயல் கூலிக்காரர் ஒருவர் நான்கு பிள்ளைகளோடு வந்து, "இவ்வளவு காலமும் உங்கட கடைய வெளியில நின்டு பார்த்துட்டுத்தான் போன நாங்க" என்றார். நீ குனிந்து நான்கு பிள்ளைகளுக்கும் அளவு பார்த்தாய்.

சுவர் எழுந்தது, ஓடு ஏறியது, கலியாணம் நடந்தது. மூன்று மாதம் தாங்காத செருப்புகள் சேர்ந்து மூன்று தலைமுறை தாங்கும் வீட்டைக் கட்டின. நான் படித்த பொருளியல் நூல்கள் எதிலும் இதற்கு விளக்கம் இல்லை.

எனக்கு மட்டும் நீ ரப்பர் தரவில்லை. கடைசி டயர் சோடியை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாய். "ஊருக்குப் புத்தி சொன்ன நீ இதப் போடு மச்சான்." போட்டுக்கொண்டேன். மலிவானதை ஊருக்குப் பரிந்துரைத்துவிட்டு, நீடித்து உழைப்பதில் நான் ஏழு வருடம் நடந்தேன்.

நீ இறந்த அன்று பள்ளிவாசலில் உன் ஜனாஸாத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது அந்தச் சோடி இல்லை. அது இருந்த இடத்தில் உன் கடை ரப்பர் சோடி ஒன்று இருந்தது. யாரோ தவறுதலாக மாற்றிப் போட்டுக்கொண்டார் என்றே சொல்லிவைக்கிறேன்.

அதைப் போட்டுக்கொண்டு, உன்னைக் கிடத்திய சந்தூக்கின் பின்னால் நடந்தேன். கடைத்தெரு முனையில் இடது வார் பிய்ந்தது. உன்னைச் சுமந்தவர்கள் மையவாடிப் பக்கம் திரும்பினார்கள். என் கால்கள் உன் கடைப் பக்கம் திரும்பின. பூட்டிய கதவின் முன் நின்ற பிறகுதான் உணர்ந்தேன். வலதை அங்கேயே கழற்றி விட்டு, இடதைக் கையில் பிடித்தபடி வெறுங்காலில் ஓடிவந்து உன்னைப் பிடித்தேன்.

அறுந்தால் திரும்பி வருவார்கள் என்று நான்தானே சொன்னேன். வந்தேன் மச்சான்.